தண்ணீரூற்று மைதானமும் தளபதி பூரும்

முல்லைத்தீவையும் மாங்குளத்தையும் இணைக்கும் பெருவீதியிலே, முள்ளியவளையை அணைந்து கிடக்கும் அழகிய ஊர் தண்ணீரூற்று. பெயரே அதன் சிறப்பை உரைத்துவிடுகின்றது. வன்னிக் காட்டின் வெம்மையூடே வருவோர்க்கு இங்குள்ள வயலும் தோப்பும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஊற்றங்கரையிலே பிள்ளையார் வீற்றிருக்கின்றார். வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முன்னோடியாக, அயலிலுள்ள காட்டா விநாயகர் ஆலயத்தில் கடல்நீரில் விளக்கெரிக்கும்போது இவ்வீதியெங்கும் அடியார் கூட்டம். போரினால் வெறுமையுற்ற ஊர் இது. 2009க்குப் பின்னரே மக்கள் மீண்டு வந்து குடியேறினர்.

மாலை வேளையில் வெறுங்காணிகளிலே சிறுவர்கள் துடுப்பாட்டம் ஆடுகின்றனர். செதுக்கிய தென்னை மட்டையே துடுப்பு. நட்ட மூன்று தடிகளே இலக்கு. "கற்பிக்க ஆளில்லையே!" என்பது மாணவர் பலரின் குறை. அவர்களுக்கு நான் எடுத்துரைப்பது றொபேட் பூர் என்னும் ஆங்கிலப் படையதிகாரியின் வரலாறு.

பூர் 1866இல் டப்ளின் நகரிற் பிறந்தவர், குதிரைப்படையிற் சேர்ந்தவர். இளம் அதிகாரியாக இந்தியாவிற் பணிபுரிந்தபோதுதான் இவ்வாட்டத்தில் அவருக்கு உண்மையான நாட்டம் பிறந்தது. அவர் ஆசானைத் தேடவில்லை. ஆட்ட நூல்களைத் தேடிப் படித்தார், படித்ததைப் பயின்றார். 1896இல் தென்னாபிரிக்காவிலே இங்கிலாந்துக்காக மூன்று டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். 1899இல், முப்பத்துமூன்றாம் வயதில், ஹம்ஷயர் அணிக்காகச் சமசெற் அணியை எதிர்த்து 304 ஓட்டங்கள் குவித்தார். அந்த ஆட்டத்தில் வின்யார்ட் என்னும் மற்றொரு படையதிகாரியோடு சேர்ந்து ஆறாவது இலக்குக்கு அவர் பெற்றவை 411. அப்பருவத்தில் அவரது சராசரி 91.23. இங்கிலாந்துப் பருவமொன்றில் அதனை விஞ்சுவதற்கு 1930இல் பிரட்மன் வரவேண்டியிருந்தது! அதே ஆண்டிலேயே பூர் போயர் போருக்குப் புறப்பட்டார். பின்னர் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்து, 1938இல் மறைந்தார்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. பூர் ஊதியம் பெறாது ஆடிய கனவான்; உழைப்புக்குக் கூலி பெற்று ஆடியோர் வேறொரு வகுப்பினர். ஒரே அணியில் ஆடினும் இருசாராருக்கும் உடைமாற்றும் அறைகள் வேறு. மைதானத்துள் இறங்கும் வாயிலும் பல இடங்களில் வேறு. ஆட்டப் பட்டியலிலே கனவானின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னும் கூலியாளின் எழுத்துகள் பின்னும் அச்சாயின. இப்பாகுபாடு 1962இலேதான் ஒழிக்கப்பட்டது. இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. கோயில் வாயிலையும் கிணற்றடியையும் பிறப்பால் பிரித்து வைத்தோர் நம்மவரிலும் இருந்தனர் அல்லவா?

பூருக்கு ஊக்கம் இருந்தது. அதனோடு ஓய்வும் பதவியும் இருந்தன. வயலில் தந்தைக்குத் துணைநின்று, பொழுதுசாயும் வேளையில் மட்டையைக் கையிலெடுக்கும் நம் சிறுவனுக்கு ஊக்கம் ஒன்றே முதல். ஆதலால், "பூரைப்போல் நீயும் படித்துக்கொள்" என்று அவனிடம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. படிக்க ஒரு நூலும், பிடிக்க ஒரு துடுப்பும், ஆட ஒரு நல்ல நிலமும் அவனுக்குக் கிடைக்கச் செய்வது பெரியோராகிய நம் கடன். அம்மைதானத்துக்கு வாயில் ஒன்றே இருக்கட்டும்.