மலர் ஏன் தாமதம் என்று கேட்டவர்களுக்கு



"டீச்சர், மலர் எப்ப வரும்?" என்று மூன்று வாரமாகப் போன் வந்தபடி இருக்கிறது. நம் பள்ளிப் படத்தொகுப்பு நின்றுபோனதற்குக் காரணம், என் லேப்டாப்பில் போட்ட ஒரு 4 ஜிபி ரேம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்களில் பலர் பழைய லேப்டாப்பை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறீர்கள், உதவும்.

லேப்டாப் 2014-ல் மகன் வாங்கியது. நீங்கள் அனுப்பியதும் நான் ஸ்கேன் செய்ததுமாக 600 படங்களுக்கு மேல் சேர்ந்ததும் எறும்பாக ஊர்ந்தது. தீபாவளிக்கு வந்த அக்கா மகன், "சித்தி, ரேம் போட்டா பறக்கும்" என்று சொல்லி, இருந்த 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபியைச் செருகினான். படங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கும் மாற்றிக் கொடுத்தான். இரண்டு நாள் பறக்கத்தான் செய்தது.

மூன்றாம் நாள் நீலத் திரை. ஒரு முறை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது, அடுத்த முறை 'பேஜ் ஃபால்ட்', பிறகு வாயில் நுழையாத வேறொன்று. பக்கத்துக் கடையில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது, மாற்றணும் என்றார்கள். அக்கா மகன் போனிலேயே விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னான். அது பாதியிலேயே நின்றது.

கடைசியில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போனேன். அங்கே சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஸ்க்ரூடிரைவரைத் தொடுமுன் இரண்டே கேள்விதான் கேட்டான். "எப்ப ஆரம்பிச்சது டீச்சர்? அதுக்கு முன்னாடி என்ன மாத்துனீங்க?"

"ஒரே மாதிரி எரர் வந்தா ஒரு டிரைவரையோ ஒரு புரோகிராமையோ சந்தேகப்படலாம். தினம் ஒரு பேர்ல வந்தா மொதல்ல ரேமைப் பார்க்கணும்" என்றான். இரண்டு துண்டையும் கழற்றி, பித்தளை நிறத்தில் இருக்கும் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். நம் கடற்கரைப் பக்கத்து மிஷின் எது வந்தாலும் இதுதான் முதல் வேலையாம். உப்புக்காற்று அப்படி. கடற்கரைக் கோயில் கல்லிலேயே உப்பு ஏறி, தொல்லியல் துறையினர் காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுக்கிறார்கள். ரேம் எம்மாத்திரம்!

அதிலும் சரியாகவில்லை. பிறகு பென் டிரைவில் 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' போட்டு இரவெல்லாம் ஓடவிட்டான். இரண்டு துண்டும் சேர்ந்திருந்தபோது சிவப்புச் சிவப்பாகப் பிழைகள். பழையதை மட்டும் வைத்தால் பிழையே இல்லை. அதையே அடுத்த ஸ்லாட்டில் வைத்தாலும் இல்லை, ஆக ஸ்லாட்டும் நல்லது. புதியதை மட்டும் வைத்ததும் மறுபடி சிவப்பு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் நான் கத்தியது யார் காதிலாவது விழுந்திருக்கிறது.

லேபிளைக் காட்டினான். பழையதில் 'பிசி3எல்', புதியதில் வெறும் 'பிசி3'. எல் போட்டது 1.35 வோல்ட்டில் ஓடும். போடாததற்கு 1.5 வோல்ட் வேண்டும். என் லேப்டாப் 1.35 மட்டுமே கொடுக்கிற ரகம். ஒரே ஓர் எழுத்து! ல, ள மாற்றி எழுதினால் நான் காதைத் திருகியது ஞாபகம் இருக்கிறதா?

ரேம் என்பது ஓட்டைக் குடங்களின் வரிசை. 1968-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு குடத்திலும் துளி மின்னூட்டம், அது கசிந்துகொண்டே இருக்கும், வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒரு முறை மறுபடி நிரப்ப வேண்டும். மின்னழுத்தம் போதாவிட்டால் ஒன்று இருந்த இடத்தில் பூஜ்யம் வந்து உட்காரும். கூகுளின் சர்வர்களை டொரண்டோ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு எட்டு துண்டுகளுக்கு மேல் ஆண்டில் ஒரு பிழையாவது காட்டினவாம். சர்வரில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி உண்டு. நம் வீட்டு லேப்டாப்பில் கிடையாது. தப்பாக எழுதியதைத் தப்பாகவே சேமித்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

எனக்கு நீலத் திரையைவிட இதுதான் பயமாக இருந்தது, நடந்ததும் அதுதான். எல் போட்ட துண்டு வாங்கி, நான்கு சுற்று சோதனையில் ஒரு பிழையும் இல்லை என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தேன். அந்த டிஸ்க்குக்கு மாற்றியவற்றில் 41 படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

நாற்பதை எப்படியாவது திரட்டிவிடலாம். நாற்பத்தோராவது, 1998-ல் எடுத்த ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோ. மேலே நிற்பவர்களும் நாற்காலியில் இருக்கும் நாங்களும் தெரிகிறோம். தரையில் உட்கார்ந்த வரிசை இல்லை. அந்த வரிசையில் இடது ஓரம் இருந்தவன், 2004 டிசம்பர் 26 அன்று அலையில் போனவன். யாரென்று அந்த வகுப்புக்காரர்களுக்குத் தெரியும். வீட்டோடு எல்லாம் போனதில் அவன் அம்மாவிடம் ஒரு படம்கூட இல்லை. மலரில் வருகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அசல் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய், ஸ்கேன் செய்யப் பிரித்தபோதே கீழ்ப்பகுதி உரிந்து வந்துவிட்டது.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் தயவுசெய்து பரண், டிரங்குப் பெட்டி, அம்மா வீட்டுப் பீரோ எல்லாம் தேடிப் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, ஜெராக்ஸ் ஆனாலும் சரி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று போட்டு அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். மற்ற 40 படங்களின் பட்டியலை முதல் கமெண்ட்டில் போடுகிறேன்.