புல்லுக்கு ஓய்வு கொடுக்கும் ஊர்

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் முதலில் பனியன் கம்பெனிகள், பிறகு அரிசி ஆலைகள், தேங்காய்ப் பருப்பு காயும் களங்கள். வெள்ளகோவிலைத் தாண்டி மூலனூர்ப் பக்கம் பேருந்து திரும்பிய பிறகுதான் கிளுவை வேலி கண்ணில் படத் தொடங்கும். வேலிக்குள் பயிர் எதுவும் இருக்காது. புல்லும், ஆங்காங்கே பரந்து நிற்கும் வெள்வேல மரங்களும்தான். தெரியாதவர்கள் தரிசு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். மேய்ச்சலுக்கென்றே வளர்த்துக் காக்கப்படும் நிலம் அது. கொறங்காடு என்பார்கள்.

என் ஊர் மன்னார்குடிப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் கொஞ்சம் இருக்கிறது. உரம் போட்டுப் போட்டுச் சலித்துப்போன அந்த மண்ணை மாடு மேய்த்துத் தேற்ற முடியுமா என்று பார்க்கத்தான் கிளம்பினேன். எங்கள் பக்கத்தில் மாடு ஆடு வழியாக மண் வளம் சேர்ப்பதென்றால் கிடை போடுவதுதான். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிவந்து வயலில் ராத்தங்குவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும், காலையில் அடுத்த வயல். வளம் வெளியிலிருந்து வந்து இறங்கிவிட்டுப் போகும். வந்து இறங்காமல், இருக்கிற இடத்திலேயே வளம் சுற்றிச் சுற்றி வருவது எப்படி என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

இதைப் பற்றிப் படிக்கப் போனால் இரண்டு வெளிநாட்டுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் பிரான்ஸின் நார்மண்டியில் பண்ணை வைத்திருந்த ஆந்த்ரே வாசேன். புல்லின் விளைச்சல் பற்றிய அவருடைய புத்தகம் 1957-ல் வந்தது. (ஃபிடல் காஸ்ட்ரோவின் அழைப்பில் கியூபாவுக்கு உரையாற்றப் போனவர், 1964-ல் அங்கேயே இறந்துபோனார்.) நிலத்தில் எத்தனை மாடு நிற்கிறது என்பதைவிட எத்தனை நாள் நிற்கிறது, எத்தனை நாள் கழித்துத் திரும்பி வருகிறது என்பதுதான் முக்கியம் என்றார் அவர். இன்னொருவர் ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி. 2013-ல் டெட் மேடையில் பேசி உலகப் புகழ் பெற்றவர். மாட்டை ஒழுங்காக மேய்த்தால் பாலைவனமாதலைத் திருப்பிவிடலாம், பருவநிலையையும் சரிசெய்துவிடலாம் என்பது அவர் வாதம். வாசேன் சொல்வதை நான் நம்புகிறேன். சேவரி சொல்வதில் முதல் பாதியோடு நின்றுகொள்வது நல்லது.

மூலனூர் அருகே எனக்கு இடம் காட்டிய பெரியவருக்கு இந்த இரண்டு பேரையும் தெரியாது. அவருடைய காடு நாலைந்து ஏக்கர் அளவில் துண்டுதுண்டாகக் கிளுவை போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுப் பண்ணைகளில் மின்கம்பி இழுத்துத் தினமும் இடம் மாற்றுகிறார்கள். இங்கே அந்த வேலையை வேலியே செய்கிறது. கிளுவைப் போத்தை வெட்டி நெருக்கமாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், வறட்சி தாங்கும், தழையை வெள்ளாடு தின்னும். கம்பிவேலிக்குக் கொடுக்கிற காசும் மிச்சம்.

"எத்தனை நாளைக்கு ஒருமுறை மாட்டை மாத்துவீங்கய்யா?" என்று கேட்டேன்.

"நாளென்னங்க தம்பி நாளு. புல்லப் பாத்துத்தானுங்க மாத்தோணும். மழ பேஞ்சா சுருக்கா வரும், பேயாட்டி அப்பிடியே படுத்துக்கும். புல்லு தலையக் கடிச்சாப் பரவாயில்லீங்க. கழுத்தக் கடிச்சாப் போச்சு."

வாசேன் புத்தகம் முழுக்க விளக்குவது இதைத்தான். மேய்ந்ததும் புல் மறுதளிர் விட, தூரிலும் வேரிலும் சேர்த்துவைத்த சத்தை எடுக்கிறது. புது இலை விரிந்து வெயில் வாங்கிய பிறகே அந்தச் சத்து மறுபடி நிரம்பும். அதற்குள் இன்னொரு கடி விழுந்தால் வேர் சுருங்கும். வேர் சுருங்கினால் மண்ணுக்குள் போகிற கரிமம் குறையும், மழைநீர் இறங்குகிற வழியும் அடைபடும். ஆகவே பத்து மாடு ஒரு வாரம் மேய்ந்து நகர்ந்துவிட்டால் கெடாத காடு, ஒரே மாடு வருடம் முழுக்க நின்றால் கெடும்.

அங்குள்ள முக்கியப் புல் கொழுக்கட்டைப் புல். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழையிலும் தூர் சாகாமல் கிடந்து, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் இதே புல்லை வேரோடு பிடுங்க ஆள் சேர்க்கிறார்கள். கொண்டுபோய் விதைத்தது பரவிப்போய், பாலைவனத்துக் கள்ளிகளைத் தீக்கு இரையாக்குகிறது என்பது அங்கே புகார். இடம் மாறினால் நல்ல புல்லும் களைதான். கொறங்காட்டில் அதோடு நரிப்பயறு படர்கிறது. பயறு வகை என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். வெள்வேல மரம் அடர்ந்த நிழல் விழவிடாது, அதனால் அடியில் புல் வரும். கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது அதன் நெற்று உதிரும், ஆடும் மாடும் பொறுக்கித் தின்னும். விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். மரம் நடும் செலவே இல்லை.

மண்ணைப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. இரு பக்கமும் வெட்டிய பழைய தகர டப்பாவை மண்ணில் பாதி இறங்கும்படி அடித்து, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. பெரியவர் காட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் குளம்பு மிதித்து இறுகிய தரையில் தேங்கியே நின்றது. ஒரே செம்மண், ஒரே மழை. சாணத்தைப் புரட்டினால் இந்தப் பக்கம் வண்டு துளைத்த ஓட்டைகள், அந்தப் பக்கம் காய்ந்த வறட்டி. சாண வண்டுகள் சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் போவதால்தான் சத்து கீழே சேர்கிறது. ஐவர்மெக்டின் என்னும் குடற்புழு மருந்து போட்ட மாட்டின் சாணத்தில் அந்த வண்டின் புழுக்கள் பிழைப்பது கடினம். மருந்து போட்ட மாட்டைச் சில நாள் கட்டுத்தரையிலேயே வைத்துத் தீனி போடலாம் என்று குறித்துக்கொண்டேன்.

ஒன்று எதிர்பாராதது. நிலத்தை உழவே கூடாது என்பது இன்றைய மண்வளப் பேச்சில் வேதவாக்கு. கொறங்காட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுகிறார்கள். சோளமோ கம்போ விதைத்து அறுத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடுகிறார்கள். தூர் கிழடு தட்டிவிட்டது என்பது அவர்கள் காரணம். சூத்திரத்தைவிடக் காட்டைப் பார்த்துச் செய்கிற இந்த முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பக்கத்துக் காடு ஏன் அப்படி ஆனது? அதன் சொந்தக்காரருக்குத் திருப்பூரில் தொழில். காடு வருடக் குத்தகைக்குப் போயிருக்கிறது. குத்தகைக்காரர் கெட்டவர் இல்லை, மேச்சேரி ஆடு வைத்துப் பிழைக்கிறவர். அடுத்த வருடம் இந்தக் காடு தனக்கு வருமா என்று தெரியாதவர் புல்லுக்கு ஏன் ஓய்வு கொடுக்கவேண்டும்? நின்றதை எல்லாம் மேய்த்து முடிப்பதுதான் அவருக்குக் கணக்கு. மேய்ச்சல் முறை பற்றிய பயிற்சிகள் இந்தக் குத்தகைக் கணக்கைத் தொடுவதே இல்லை. மண் கெடுவதற்கு அறியாமையைவிட ஓராண்டுக் குத்தகையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கொறங்காட்டுக்கு வேறு நெருக்கடிகளும் உண்டு. டிராக்டர் வந்தபின் காங்கேயம் காளைக்கு வேலை குறைந்தது, பாகப்பிரிவினையில் காடு சிறுத்தது, நல்ல விலை சொல்லிச் சூரிய மின்தகடு வைக்கிறவர்கள் வருகிறார்கள். குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இனத்தையும் கொறங்காட்டையும் சேர்த்தே காக்கப் பார்க்கிறது. ஒன்றை விட்டு ஒன்று நிற்காது என்பதால் அதுதான் வழி.

கரிமக் கணக்குப் பேசுகிறவர்களுக்கு ஒரு சொல். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, மேய்ச்சல் மண் பிடித்துவைக்கக்கூடிய கரிமம், மேயும் மாடுகள் வெளிவிடும் பசுங்குடில் வாயுக்களில் 20 முதல் 60 சதவீதத்தைத்தான் ஈடுசெய்யும். அதுவும் எல்லாம் சாதகமாக அமைந்தால். உலகைக் காக்கிறேன் என்று யாரும் மாடு வாங்கவேண்டாம். மழைநீர் உங்கள் நிலத்தில் இறங்கவேண்டும், வெளித்தீவனச் செலவு குறையவேண்டும் என்றால் வாங்குங்கள்.

பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசி மழை முடிந்து கார்த்திகை, மார்கழியில் போனால் புல்லைப் பார்க்கலாம். சித்திரையில் போனால் நெற்று உதிர்வதையும், ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் மாட்டுச்சந்தையையும் பார்க்கலாம். பிறந்தபோது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் கன்றுகளை அங்கே காணலாம். தகர டப்பா, மண்வெட்டி, ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே போகவேண்டாம். படலைத் திறந்தால் மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள். ஓய்வில் விட்ட காட்டுக்குள் ஒரு மந்தை ஆடு நுழைந்தால் ஒரு பருவத்துப் புல் போய்விடும்.