எங்கள் பூங்கா எங்கே?

மன்ஹாட்டனிலிருந்து கிழக்கு ஆற்றைக் கடக்கப் படகுக் கட்டணம் 4.50 டாலர். புரூக்ளின் பக்கம் வில்லியம்ஸ்பர்க்கில் இறங்கியதும் கண்ணாடிக் கோபுரங்கள்தான் கண்ணில் படுகின்றன. 2005-ல் நியூயார்க் நகராட்சி விதியை மாற்றி, தொழிற்சாலைகள் இருந்த இந்தக் கரையில் 40 மாடி வரை குடியிருப்பு கட்டலாம் என்றது. கூடவே ஊர்க்காரர்களுக்கு ஒரு வாக்கும் கொடுத்தது: 28 ஏக்கரில் புஷ்விக் இன்லெட் பூங்கா.

அதைத் தேடி கென்ட் அவென்யூவில் வடக்கே நடந்தேன். ஐந்தாறு நிமிடத்தில், ஒன்பதாவது தெரு முனையில் பூங்கா தொடங்குகிறது. செயற்கைப் புல் பதித்த கால்பந்துத் திடல். பக்கத்துக் கட்டடத்தின் சரிவான கூரையில் நிஜப் புல். மேலே ஏறி நின்றால் ஆற்றின் உப்பு வாடை, எதிர்க்கரையில் எம்பயர் ஸ்டேட் கட்டடம். அருமையான இடம். ஆனால் திடலைத் தாண்டியதும் வேலி.

வேலிக்கு அப்பால் இருப்பது பழைய ஆவணக் கிடங்கின் நிலம். 2015 ஜனவரி கடைசி நாளில் அது தீப்பிடித்தது. மருத்துவமனைகள், நீதிமன்றங்களின் பாதி கருகிய காகிதங்கள் பறந்து கரையெல்லாம் ஒதுங்கின. இங்கேயும் கோபுரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அக்கம்பக்கத்தார் திரண்டார்கள். "எங்கள் பூங்கா எங்கே?" என்பதுதான் அவர்களுடைய முழக்கம். ஊர்வலம் போனார்கள், கிடங்கின் எதிரிலேயே இரவு தங்கினார்கள். 2016 நவம்பரில் அந்த 7 ஏக்கரை 16 கோடி டாலருக்கு வாங்க நகராட்சி ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அடுத்திருந்த எண்ணெய்க் கிடங்குக்கு 5.3 கோடி. நிலத்தை வாங்கிவிட்டு விதியை மாற்றியிருக்கலாம். கோபுரம் கட்டலாம் என்று முதலில் சொல்லி, அதனால் ஏறிய விலையை நகராட்சியே கொடுத்திருக்கிறது.

பதினொன்றாம் தெரு தாண்டினால் மறுபடி புல்வெளி. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். அதற்கு வடக்கே எண்ணெய்க் கிடங்கு நிலம். அங்கிருந்த பெரிய தொட்டிகளை 2019-ல் இடித்தாயிற்று; மண்ணில் ஊறிய எண்ணெயை அப்படி ஒரே வருஷத்தில் எடுத்துவிட முடியாது. நாயோடு வந்த பெரியவர் ஒருவர், "சீக்கிரம் எல்லாம் திறந்துவிடும்" என்றார். நான் வழியில் கண்ட வேலிகள் அப்படிச் சொல்லவில்லை.

பணம் கொடுத்து நிலத்தை வாங்கியதோடு நகராட்சியின் வாக்கு தீர்ந்துவிடாது. கோபுரங்களில் ஆட்கள் குடியேறிப் பல வருஷமாகிறது. 28 ஏக்கரில் ஒன்றுகூடக் குறையாமல் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும்.