கடன் வாங்கின பாட்டும் எழுபது வயசுக் கிழவர்களும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க.

தொண்ணூறுகளின் ஆரம்பம். கல்லூரி விடுதியில் என்னோட மொத்த சொத்து ஒரு டேப் ரெக்கார்டரும் நாலைந்து கேசட்டுகளும்தான். அதுல ஒண்ணு ரோலிங் ஸ்டோன்ஸ். யாரோ யாருக்கோ பதிவு பண்ணிக் கொடுத்து, அதிலிருந்து இன்னொருத்தன் பதிவு பண்ணி, கடைசியா என் கைக்கு வந்தது. பாட்டைவிட இரைச்சல்தான் அதிகமா கேட்கும். ஆனாலும் தேயத் தேயக் கேட்டேன். மிக் ஜாகர் மாதிரி உதட்டைச் சுழிச்சுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்ன கதையெல்லாம் இங்க வேண்டாம்.

ஒரு நாள் என் ரூம்மேட் தன்னோட கேசட் ஒண்ணை எடுத்துப் போட்டான். வெளிநாட்டுல இருந்து அவன் மாமா கொண்டுவந்தது. மட்டி வாட்டர்ஸ். ரெண்டு நிமிஷத்துல எனக்கு முகம் வெளிறிடுச்சு. எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு! வில்லி டிக்சன் எழுதி, மட்டி வாட்டர்ஸ் 1954-ல பாடினது. ஸ்டோன்ஸ் அதையே பத்து வருஷம் கழிச்சு, தங்களோட முதல் ஆல்பத்துல பாடியிருக்காங்க. இவங்க பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி பாடினதை, அந்த மனுஷன் திண்ணையில கால் நீட்டி உட்கார்ந்து பேசுற மாதிரி பாடிட்டுப் போறார். அந்த நிதானத்துக்கு முன்னாடி என் ஆளுங்க சின்னப் பசங்களாத் தெரிஞ்சாங்க.

"கேட்டியா மச்சி? உன் ஆளுங்க திருட்டுப் பசங்கடா. பேரையே இவரோட பாட்டுல இருந்துதான் எடுத்திருக்கானுங்க."

பேர் விஷயம் நிஜம்தான். 1950-ல மட்டி வாட்டர்ஸ் பதிவு பண்ணின ஒரு பாட்டுல இருந்து வந்த பேர் அது. ஆனா அன்னிக்கு நான் ஒத்துக்கல. "பிடிச்ச பாட்டைப் பாடினா திருட்டாடா?"ன்னு கத்தினேன். ரெண்டு நாள் பேசிக்கல. அதுக்கப்புறம் முப்பது வருஷமா இந்தச் சண்டை விட்டு விட்டு ஓடிக்கிட்டே இருக்கு.

தெரியாதவங்களுக்காகச் சின்னதா ஒரு விளக்கம். ப்ளூஸ்ங்கிறது அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காட்டில் உழைச்ச கறுப்பின மக்கள்கிட்ட இருந்து பிறந்த இசை. பெரும்பாலும் மூணே கார்டு, பன்னிரண்டு பார். ஒரு வரி பாடி, அதையே திரும்பப் பாடி, மூணாவது வரியில பதில் சொல்லி முடிச்சுடுவாங்க. மிசிசிப்பியில இருந்து பிழைப்புத் தேடி சிகாகோவுக்கு ரயிலேறினவங்க, அந்த ஊர் சத்தத்துக்கு மேல கேட்கணும்னு கிட்டாரை மின்சாரத்துல மாட்டினாங்க. சிகாகோவின் செஸ் கம்பெனி அதையெல்லாம் இசைத்தட்டா போட்டது. அந்தத் தட்டுகள்தான் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது.

1961 அக்டோபரில், லண்டனுக்குப் பக்கத்துல டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்துல, ஜாகர் கையில சக் பெர்ரி தட்டும் மட்டி வாட்டர்ஸ் தட்டும் இருந்ததைப் பார்த்துத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தாராம். சின்ன வயசுல ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. அந்தத் தட்டுகள் இல்லேன்னா அன்னிக்கு "எப்படி இருக்கே?"ன்னு கேட்டுட்டு அவங்கவங்க வழியில போயிருப்பாங்க.

என் கட்சிக்கு நான் சேர்த்து வெச்ச ஆதாரம் ஒண்ணு உண்டு. 1965 மே மாசம், ஷிண்டிக்னு ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சிக்கு ஸ்டோன்ஸைக் கூப்பிட்டாங்க. ஹவ்லின் உல்ஃபும் பாடணும்னு இவங்க பிடிவாதம் பிடிச்சாங்க. 54 வயசு, ஆறடிக்கு மேல உயரம். அந்தப் பெரியவர் பாட, கோடிக்கணக்கான ரசிகைகள் வெச்சிருந்த இந்தப் பசங்க அவர் காலடியில உட்கார்ந்து கேட்டாங்க. காணொளி இன்னும் இருக்கு, தேடிப் பாருங்க.

அவன்கிட்டயும் ஒரு ஆதாரம் இருந்தது. 1968-ல வந்த பெக்கர்ஸ் பேங்க்வெட் ஆல்பத்துல, ராபர்ட் வில்கின்ஸ்ங்கிற பாதிரியாரோட பாட்டு ஒண்ணு இருக்கு. முதல்ல அச்சான தட்டுகள்ல எழுதினவங்க பேர் ஜாகர்–ரிச்சர்ட்ஸ்னு இருந்தது. பிறகு திருத்தினாங்க. "இதுக்கு என்னடா சொல்றே?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல.

அப்புறம் வருஷங்கள் ஓடிடுச்சு. ஸ்டோன்ஸ் பெரிய அரங்கம், வாணவேடிக்கை, கோடிகள்னு போயிட்டாங்க. எனக்கும் முடி நரைச்சு, ஆசை கொஞ்சம் ஆறிப்போச்சு. 2005-க்கு அப்புறம் புது ஸ்டூடியோ ஆல்பமே இல்ல. முடிஞ்சதுடா கதைன்னு இருந்தப்பதான், 2016 டிசம்பரில் ப்ளூ அண்ட் லோன்சம் வந்தது.

அது உருவான கதையே அழகு. 2015 டிசம்பர், லண்டனில் மார்க் நாஃப்ளரின் பிரிட்டிஷ் குரோவ் ஸ்டூடியோ. புதுப் பாட்டு பதிவு பண்ணத்தான் போயிருக்காங்க. ஒண்ணும் சரியா அமையல. கையைச் சூடாக்கிக்கலாம்னு லிட்டில் வால்டரோட பழைய பாட்டு ஒண்ணை வாசிச்சாங்க. வண்டி கிளம்பிடுச்சு. மூணே நாள், பன்னிரண்டு பாட்டு. ஒண்ணுகூட அவங்க எழுதினது இல்ல. ஹவ்லின் உல்ஃப், ஜிம்மி ரீட், மேஜிக் சாம், ஓட்டிஸ் ரஷ்னு அத்தனையும் பெரியவங்க பாடினது. அதுல நாலு லிட்டில் வால்டர் பாடினது. பக்கத்து ஸ்டூடியோவில் தன் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்த எரிக் கிளாப்டனும் வந்து ரெண்டு பாட்டுக்கு வாசிச்சுட்டுப் போனார்.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். முதல் ஆச்சரியம் ஜாகரோட மவுத் ஆர்கன். வால்டர் பேர் வாங்கின முறை அது: மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள்ள பொத்திக்கிட்டு, ஆம்ப்ளிஃபையர் வழியா ஊதணும். சாக்ஸஃபோன் மாதிரி கனமா, கரகரன்னு வரும். ஐம்பது வருஷமா மேடையில ஓடி ஆடின மனுஷன், இதுல ஒரு இடத்துலயும் தன்னைக் காட்டிக்கல. பின்னாடி 74 வயசு சார்லி வாட்ஸ். அவசரமே படாத அடி. அவங்க ஓடாம வாசிச்சு நான் கேட்டது அன்னிக்குத்தான்.

எனக்கு ஒரு தியரி பிறந்துடுச்சு. இருபது வயசுல இவங்களுக்கு இந்தப் பாட்டோட தனிமை தெரியாது, கடன் வாங்கிப் பாடினாங்க; எழுபதுல தெரிஞ்சு பாடுறாங்க, வயசுதான் காரணம்னு. உடனே நண்பனுக்கு ஃபோன் போட்டேன். இப்ப வேற ஊர்ல இருக்கான், பேசியே ஒரு வருஷம் இருக்கும்.

ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டான். "கேட்டேன் மச்சி. நல்லா வாசிச்சிருக்கானுங்க, ஒத்துக்கறேன். ஆனா வயசுங்கற உன் தியரி தப்பு. லிட்டில் வால்டர் அதைப் பாடினப்போ அவருக்கு முப்பது வயசு அளவுதான்டா. 1968-ல செத்தப்பவே 37 தான். மேஜிக் சாம் 32-லயே போயிட்டார். அவங்களுக்கெல்லாம் எழுபது வயசுங்கிறதே கிடைக்கலையே."

கொஞ்ச நேரம் நான் ஒண்ணும் பேசல. அவன் சொன்னது அவ்வளவு சரி. வால்டர் முப்பது வயசுல நின்ன இடத்துக்கு இவங்க வந்து சேர ஐம்பது வருஷம் ஆகியிருக்கு. நடுவுல மாளிகை, பணம், பட்டம் எல்லாம் கிடைச்சது இவங்களுக்கு. பாட்டோட சொந்தக்காரங்க பல பேருக்கு அதுல கால்வாசிகூடக் கிடைக்கல. 2018-ல இந்த ஆல்பத்துக்குப் பாரம்பரிய ப்ளூஸுக்கான கிராமி விருது கிடைச்சப்போ, "கடன் வாங்கினவனுக்கே பரிசு"ன்னு குறுஞ்செய்தி அனுப்பினான் பாவி. சிரிப்பும் வந்தது, வலிக்கவும் செஞ்சது.

அதனால கடன் அடைஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கடன் வாங்கினதை மறக்கிறவன் வேற, வயசான காலத்துல அதே வீட்டு வாசல்ல வந்து செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறவன் வேற. இந்த ஆல்பத்துல எனக்குக் கேட்டது அந்த ரெண்டாவது ஆளோட குரல்.

2021 ஆகஸ்ட் 24-ந்தேதி சார்லி வாட்ஸ் 80 வயசுல போய்ச் சேர்ந்தார். அன்னிக்கு ராத்திரி முதல்ல வந்த ஃபோன், முப்பது வருஷமா அவங்களைத் திருடன்னு சொன்னவன்கிட்ட இருந்துதான். "கேள்விப்பட்டியா மச்சி?" அவ்வளவுதான் கேட்டான். ரெண்டு பேரும் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்தோம்.

2023-ல ஹேக்னி டைமண்ட்ஸ் வந்தது. கடைசிப் பாட்டு எது தெரியுமா? பேர் கொடுத்த அந்த மட்டி வாட்டர்ஸ் பாட்டேதான். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும். ஒரு குரல், ஒரு மவுத் ஆர்கன், ஒரு கிட்டார். பேர் எடுத்து அறுபது வருஷத்துக்கு அப்புறம் அதைப் பதிவு பண்ணியிருக்காங்க.

நண்பனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "பரவால்ல. ஆனா மட்டி வாட்டர்ஸ் மட்டி வாட்டர்ஸ்தான்."

ஆமாம்டா. அதை இப்ப என்னால சண்டை போடாம ஒத்துக்க முடியுது.

டிஸ்கி: ஸ்டோன்ஸ் வெறியர்கள் அடிக்க வராதீங்க, நானும் உங்க கட்சிதான். முதல்ல லிட்டில் வால்டர் பாடினதைக் கேட்டுட்டு, அப்புறம் இவங்களைக் கேளுங்க. எனக்கு வரிசை தலைகீழா அமைஞ்சுபோச்சு. உங்களுக்காவது சரியா அமையட்டும்.