கோழிக் கழுத்து

நண்டு பிடிக்கத் தூண்டில் முள் வேண்டாம். அமெரிக்காவில், மேரிலாந்தில், தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது அவள் பையன் சொல்லிக்கொடுத்த வித்தை இது. செஸபீக் விரிகுடாவில் இறங்கும் மரத்துறை ஒன்றில் உட்கார்ந்துகொண்டோம். நூலில் கட்டிய கோழிக் கழுத்து ஒன்று, காம்பு வைத்த வலை ஒன்று, அவ்வளவுதான் சாமான். நூல் மெல்ல விறைக்கும். அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். நீலக் கொடுக்கால் கழுத்தைப் பற்றியபடியே நண்டு மேலே வரும். அதை யாரும் கட்டிவைக்கவில்லை. பிடியை விட்டால் தப்பிவிடலாம். விடுகிறதில்லை. பதறாமல் அடியில் வலையைக் கொடுத்து ஏந்திவிட வேண்டும்.

1896-ல் மேரி ராத்பன் என்ற அம்மாள் இதற்கு இட்ட விஞ்ஞானப் பெயருக்கு, 'ருசியுள்ள அழகிய நீச்சல்காரன்' என்று பொருளாம். அழகைக் கண்ட அம்மாள் ருசியையும் விட்டுவிடவில்லை, பாருங்கள்!

அன்று அகப்பட்டதில் பெரியதற்குக் கொடுக்கு நுனியெல்லாம் மருதாணி இட்டாற்போல் சிவப்பு. பெண் நண்டு. பொழுதுபோக்காகப் பிடிக்கிறவர்கள் அதை வைத்துக்கொள்வதை அந்த மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டை சுமக்கிற ஜீவன். வாளியிலோ மூன்றே நண்டுகள். துறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"பெரிசுதான், மாமா" என்றான் பையன், ஏக்கத்தோடு. சொல்லிக்கொண்டே வலையைக் கவிழ்த்தான். அது வலைக் கண்ணைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. வலையைத் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டு இருவரும் காத்திருந்தோம்.