'ய'வுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர்

ஆம்பூர் என்று எழுதினால் அடுத்த வார்த்தை பிரியாணியாக இருக்க வேண்டும் என்பது பத்திரிகை தர்மம். மன்னிக்கவும், இது கீபோர்டு சமாசாரம்.

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி தோல் பதனிடும் ஊர்கள், ஷூ தைக்கும் ஊர்கள். காலையில் கம்பெனி பஸ்கள் சுற்றுவட்டார கிராமத்துப் பெண்களை அள்ளிக்கொண்டு வரும். அப்படி வந்துகொண்டிருந்த ஒருவருக்கு கட்டிங் மெஷினில் இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. 2011-ல் நான் அவரைப் பார்த்தபோது ஆம்பூரில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்குப் போகும் முன்பே தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். நஷ்டஈடு பற்றிக் கேட்டேன். "அது பெரிய கதை சார்" என்று மட்டும் சொன்னார். மேலே கேட்கவில்லை.

டைப் கற்றவர்களுக்குத் தெரியும். இங்கிலீஷில் முதல் பாடம் ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப். தமிழில் அதே இடத்தில் 'யளனகபக'. சுண்டு விரலுக்கு ய, மோதிர விரலுக்கு ள. 'உங்கள்', 'எங்கள்', 'அவர்கள்' என்று ள இல்லாமல் ஒரு பத்திரிகை அடிக்க முடியுமா? ஒவ்வொரு 'ள'வுக்கும் கை முழுவதையும் இடப்பக்கம் நகர்த்தி, ஆள்காட்டி விரலால் தட்டி, திரும்பி வருவார். வந்தபின் கீழே குனிந்து இடம் பார்ப்பார். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கியிருக்கும். கடை பாய் நல்லவர்தான், ஆனால் முகூர்த்த சீசனில் நல்லவராக இருப்பது சிரமம். "இன்னா சார் பண்றது, பக்கத்துக் கடைல ஒரு மணி நேரத்துல குடுக்கறான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்கும் புரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் போன ரா. முத்தையா, தமிழின் 247 எழுத்துகளை டைப்ரைட்டரின் சில டஜன் விசைகளுக்குள் அடக்க வழி கண்டார். பெரிய காரியம். ஆனால் டைப்ரைட்டர் என்றாலே பத்து விரல் கணக்குதான். இரும்பில் வார்த்த எழுத்தை விரலுக்குத் தகுந்தாற்போல் நகர்த்த முடியாது. கம்ப்யூட்டரில் முடியும். இந்த வித்தியாசத்தை நம் டி.டி.பி. கடைகளில் யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. 1936-ல் வேறொரு இங்கிலீஷ் கீபோர்டுக்குப் பேட்டன்ட் வாங்கிய அமெரிக்கர் ஆகஸ்ட் துவோராக், ஒற்றைக் கைக்காரர்களுக்கும் வலது இடது என்று தனித்தனியே வரிசை அமைத்துக் கொடுத்தார். விண்டோஸில் அவை இன்றும் இருக்கின்றன. தமிழுக்கு அப்படி எதுவும் அதில் கிடையாது.

ஆட்டோஹாட்கீ என்று ஓர் இலவச மென்பொருள். 2003-லிருந்து கிடைக்கிறது. 'இந்த விசையைத் தட்டினால் அந்த விசையாக எடுத்துக்கொள்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரி வரியாக எழுதினால் போதும். எதை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். அதை அந்த அம்மாவே சொன்னார்.

"என் கை நிக்கிற எடத்துக்கு எழுத்தக் கொண்டாங்க சார். நான் போவ முடியாது."

இங்கே தொல்காப்பியர் கைகொடுக்கிறார். தமிழில் உயிரெழுத்து தனியாக நிற்பது சொல்லின் முதலில்தான். அளபெடையை விடுங்கள், கல்யாணப் பத்திரிகையில் வராது. ஆகவே கீழ்வரிசையில், நடு விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் எட்டுகிற உ, எ இரண்டும் கொஞ்சம் சோம்பேறி விசைகள். 'ய'வை 'உ' இருந்த இடத்துக்கும், 'ள'வை 'எ' இருந்த இடத்துக்கும் மாற்றினோம். உ, எ அந்தப் பக்கம் போயின. நாலே வரி. ஐந்தாவது வரிதான் முக்கியம்: இடது ஷிப்ட்டை ஆல்ட் விசைக்குக் கொண்டுவந்தது. தமிழ் டைப்பில் ஷிப்ட் இல்லாமல் நகர முடியாது, அதுவோ சுண்டு விரலின் வேலை. கட்டை விரல் ஸ்பேஸ் தட்டிவிட்டு சும்மாதானே இருக்கிறது?

பாய்க்கு ஒரு நியாயமான கவலை. "என் பையன் வந்து உக்காந்தா?" எஃப்12 தட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஆறாவது வரி எழுதினோம். பையன் இரண்டு நாள் குழம்பினான், பிறகு பழகிவிட்டான்.

அந்த அம்மாவுக்குப் பழக மூன்று வாரம் பிடித்தது. எட்டு வருஷப் பழக்கத்தை விரல் சுலபத்தில் மறப்பதில்லை. முதல் வாரம் 'உங்கள்' என்பது 'யங்கஎ' என்று வந்தது. அழுதுகொண்டே அடித்தார். மணமகன் பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஐந்நூறு பத்திரிகையும் வேஸ்ட். ஆனால் நாலாவது வாரம் குனிவது நின்றது. ஹையர் பரீட்சை மட்டும் எழுத முடியவில்லை. அப்போது அது டைப்ரைட்டரில்தான், அங்கே ஏது எஃப்12?

2019-ல் ஆம்பூர், வேலூரை விட்டு திருப்பத்தூர் மாவட்டமானது. அவரும் வாணியம்பாடியில் வேறொரு கடைக்கு மாறிவிட்டார். அந்த ஆறு வரியை பென் டிரைவில் எடுத்துப் போனாராம், ஒரு கேபி கூட இருக்காது. போன மாதம் போன் செய்தார்.

"சார், ஆபீஸ் மனுவெல்லாம் யூனிகோட்ல கேக்கறாங்க. தமிழ்99-ல அ சுண்டு விரல்ல கீது, இ மோதிர விரல்ல கீது. உயிரெழுத்து பூரா இடது கைதான். இன்னொரு ஃபைல் பண்ணிக் குடுக்கறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.