பச்சை வளையம்

ஒவ்வொரு மனிதனும் தன்னையே ஒரு பிராண்டாகப் பாவித்துக்கொள்ள வேண்டுமென்று அமெரிக்க நிர்வாக ஆலோசகர் டாம் பீட்டர்ஸ் 1997இல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ பத்திரிகையில் எழுதியபோது, அந்த உபதேசம் உத்தியோகம் தேடும் சாமானியர்களின் நித்திய அனுஷ்டானமாகவே ஆகிவிடுமென்று அவர் எதிர்பார்த்திருப்பாரோ என்னவோ. லிங்க்ட்இன்னில் வேலை தேடுவோர் தம் புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் இட்டுக்கொள்ளும் வசதி 2020இல் வந்தது; வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் அந்த நேர்மையைக் கௌரவக் குறைவென்று கருதி ஒதுக்கிவிட்டு, அற்பச் சம்பவங்களிலிருந்தெல்லாம் தலைமைப் பண்பு குறித்த தத்துவங்களைப் பிழிந்தெடுத்து (கரும்பாலை தோற்றது, போங்கள்!) தினந்தோறும் பிரசுரிப்பவர்களைப் பார்க்கையில் எனக்குப் பரிகாசத்தைவிடப் பரிதாபமே மேலிடுகிறது. வேலையில் சமர்த்தரான பலருக்கோ தம் வேலையைப் பற்றிப் பேசத் தெரிவதில்லை. ஆள் எடுக்கும் ஸ்தானத்திலுள்ள நண்பர்களே, பச்சை வளையம் கண்ணில் பட்டால் கடந்து போய்விடாமல், அதை இட்டுக்கொண்டவர் செய்த வேலை என்னவென்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.